ஏழு நாள் மாத்திரை முடிந்த பிறகும் திரும்ப வரும் வாடை

வெள்ளைப்படுதலோடு மீன் கவுச்சி போல ஒரு வாடை. மாத்திரை சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போய்விடுகிறது. ஒன்றிரண்டு மாதம் நிம்மதி. அப்புறம் மாதவிடாய் முடிந்த கையோடு அதே வாடை. இதைச் சொல்லிக்கொண்டு வரும் பெண்களில் பலர் அடுத்த வரியையும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "நான் சுத்தமாத்தான் இருக்கேன் டாக்டர்." நான் கேட்காத கேள்விக்கு வரும் பதில் அது. யாரும் குறை சொல்வதற்கு முன்பே தன்னை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு இந்தத் தொந்தரவு அவர்களைத் தள்ளியிருக்கிறது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இந்த வாடைக்குக் காரணமான பாக்டீரியல் வஜைனோசிஸ் அழுக்கினால் வருவதில்லை. பெண்ணுறுப்பின் உள்ளே பெரும்பாலும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் நிறைந்திருக்கும். அவை லாக்டிக் அமிலம் சுரந்து, பி.எச். அளவை (அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடுதல்) 4.5-ஐத் தாண்டவிடாமல் வைத்திருக்கும். அவை குறைந்து, ஆக்சிஜன் இல்லாத சூழலில் செழிக்கும் கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா போன்றவை பெருகும்போதுதான் வாடையும், சாம்பல் கலந்த வெண்மையில் தண்ணியான கசிவும் வருகின்றன. விந்தும் மாதவிடாய் ரத்தமும் அந்த அமிலத்தன்மையைக் குறைப்பவை. உடலுறவுக்குப் பிறகும் மாதவிடாயை ஒட்டியும் வாடை தூக்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

வாடை வருகிறதே என்று பயந்து உள்ளே சோப்பு, வாசனைத் திரவம், கிருமிநாசினி என்று போட்டுக் கழுவும் பழக்கம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. இருக்கிற கொஞ்ச நஞ்ச நல்ல பாக்டீரியாக்களையும் அது அடித்துக்கொண்டு போய்விடும். வெளிப்பகுதியைத் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே எதுவும் வேண்டாம்.

சரி, மருந்து சாப்பிட்டும் ஏன் திரும்ப வருகிறது? மெட்ரோனிடசோல் மாத்திரை ஏழு நாள், அல்லது அதன் ஜெல் ஐந்து நாள், அல்லது கிளிண்டாமைசின் க்ரீம் ஏழு நாள். இவைதான் வழக்கமான சிகிச்சைகள். இவற்றால் அப்போதைக்குப் பெரும்பாலானோருக்குக் குணம் தெரியும். ஆனால் ஒரு வருடத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. ஒரு காரணம், கார்ட்னரெல்லா பெண்ணுறுப்பின் சுவரில் வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கி அதற்குள் ஒட்டிக்கொள்வது. மருந்து மேலே இருப்பவற்றைக் கொன்றாலும் படலத்துக்குள் இருப்பவை தப்பிவிடுகின்றன. இரண்டாவது, மருந்து கெட்டதைக் குறைக்குமே தவிர நல்லதைக் கொண்டுவந்து சேர்க்காது. அந்த இடத்தில் லாக்டோபேசிலஸ் மறுபடி குடியேறாவிட்டால் பழைய கதைதான். மூன்றாவது காரணம் துணையிடமிருந்து திரும்ப வருவது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். திரும்ப வந்திருப்பது அதேதானா என்று பார்த்தாக வேண்டும். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொள்வது பலருக்கும் பழகிவிட்டது. போன தடவை வஜைனோசிஸ், இந்தத் தடவை பூஞ்சைத் தொற்று என்று இருக்கலாம். இந்த மருந்துகளைச் சாப்பிட்ட பிறகு பூஞ்சை வருவது சகஜம்தான். அரிப்பும், திரிந்த பால் போன்ற கெட்டியான வெள்ளையும் இருந்தால் எனக்குச் சந்தேகம் அந்தப் பக்கம் போகும். டிரைக்கோமோனாஸ் என்ற பால்வினைத் தொற்றும் இதே போன்ற வாடையோடு வரலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவால் வரும் வறட்சியும் எரிச்சலும் தொற்று என்ற பெயரில் மாத்திரைக்கு மேல் மாத்திரை வாங்கித் தந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை பெரிய காரியமில்லை. கசிவைக் கொஞ்சம் எடுத்து பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்போம். ஒரு கண்ணாடித் தகட்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால், வஜைனோசிஸாக இருந்தால் அந்த மீன் வாடை சட்டென்று மேலே எழும். இன்னொரு தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டிய செல்கள் மேலே மணல் தூவியது போல மங்கித் தெரியும். ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அவை. க்ளூ செல் என்போம். இந்த மூன்றோடு கசிவின் தன்மையையும் சேர்த்து, நான்கில் மூன்று இருந்தால் வஜைனோசிஸ் என்று முடிவு செய்யும் முறை 1983-லிருந்து இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே முடிந்துவிடும். "இதைப் பார்த்துவிட்டு மருந்து எழுதுங்கள்" என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் அதே ஏழு நாள் சிகிச்சையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் முழுச் சிகிச்சை, அதன் பிறகு மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரத்துக்கு இரண்டு நாள் என்று நான்கு முதல் ஆறு மாதம் வரை தொடர்வது ஒரு வழி. போடும் வரைக்கும் பலருக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. நிறுத்தியதும் சிலருக்குத் திரும்ப வருகிறது என்பதையும் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இன்னொரு வழி, மாத்திரைக்குப் பிறகு 600 மில்லிகிராம் போரிக் ஆசிட் கேப்ஸ்யூலை 21 நாள் உள்ளே வைத்து, அப்புறம் ஜெல்லைத் தொடர்வது. இதற்கான ஆய்வு ஆதாரம் குறைவு என்றாலும் வேறு வழி பலிக்காத இடத்தில் கைகொடுக்கிறது. ஆனால் போரிக் ஆசிட் வாய்வழி போனால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்கு முயன்றாலோ வேண்டவே வேண்டாம். மருத்துவர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

இப்போது துணையைப் பற்றி. ஆணுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்றுதான் நாங்கள் படித்தோம். பழைய ஆய்வுகளில் ஆண்களுக்கு வாய்வழி மருந்து மட்டும் கொடுத்தபோது பெரிய பலன் தெரியவில்லை. மெல்போர்னில் பணிபுரியும் ஆய்வாளர்கள் ஆணின் தோலிலும் இந்தப் பாக்டீரியாக்கள் தங்குகின்றன என்பதைக் கணக்கில் எடுத்து, மாத்திரையோடு ஆணுறுப்பில் பூசும் கிளிண்டாமைசின் க்ரீமையும் சேர்த்தார்கள். ஒரே துணையோடு வாழும் ஜோடிகளில், ஏழு நாள், இருவருக்கும் ஒரே சமயத்தில். 2025-ல் வெளியான முடிவு இது: பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை கொடுத்த பிரிவில் 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. ஆணுக்கும் கொடுத்த பிரிவில் 35 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதே வருடம் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பும், திரும்பத் திரும்ப வரும் பெண்களின் ஆண் துணைக்குச் சேர்த்துச் சிகிச்சை தருவதைப் பரிசீலிக்கச் சொல்லிவிட்டது.

என் அறையில் இது கொண்டுவரும் மாற்றம் பெரியது. "அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னதும் பெண்ணின் முகத்தில் முதலில் வருவது தயக்கம்தான். "எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் ஏன் மாத்திரை போடணும்?" என்று கேட்கும் கணவர்களிடம் நான் நேரடியாகவே பேசுவேன்: உங்களுக்கு அறிகுறி எதுவும் இருக்காது. ஆனாலும் பாக்டீரியா உங்களிடம் இருக்கலாம். இதில் யார்மேலும் பழி இல்லை, யாரும் யாருக்கும் துரோகம் செய்ததற்கு இது அடையாளமும் இல்லை. சேர்ந்து ஏழு நாள் சாப்பிடுங்கள், பூசுங்கள், அதுவரை உடலுறவு வேண்டாம். பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறார்கள். துணையும் பெண்ணாக இருந்தால் அவரையும் சோதித்துக்கொள்வது அவசியம். பெண் ஜோடிகளில் இருவருக்கும் சேர்ந்தே இருப்பது அடிக்கடி காணப்படுகிறது.

ஆணுறை தொடர்ந்து பயன்படுத்துவது திரும்ப வருவதைக் குறைக்கிறது. ஆனால் கிளிண்டாமைசின் க்ரீம் எண்ணெய் கலந்தது. லேடெக்ஸ் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். அந்த நாட்களில் அதை நம்ப வேண்டாம். காப்பர் கருத்தடைச் சாதனம் வைத்திருப்பவர்களுக்கு வஜைனோசிஸ் கூடுதலாக வருவதால், எதுவுமே பலிக்காதபோது வேறு கருத்தடை முறைக்கு மாறலாமா என்று பேசுவேன். புகைபிடிப்பதும் ஒரு காரணி.

நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. கடையில் விற்கும் எல்லாவற்றையும் நம்பிப் பணம் செலவழிக்க நான் சொல்வதில்லை. லாக்டோபேசிலஸ் கிரிஸ்பேடஸ் என்ற குறிப்பிட்ட வகையை மெட்ரோனிடசோலுக்குப் பிறகு உள்ளே வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. 12 வாரத்தில் திரும்ப வந்தவர்கள் 30 சதவீதம், வெற்று மருந்து வைத்தவர்களில் 45. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் வாயில் போடும் ஏதோ ஒரு கேப்ஸ்யூலுக்கு அந்தப் பலன் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது.

கர்ப்பமாக இருக்கும்போது அறிகுறி தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வஜைனோசிஸ் உள்ளவர்களுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு கூடுதல், கர்ப்பத்திலும் பாதுகாப்பாகத் தரக்கூடிய மருந்து இருக்கிறது. அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவின்போது உள்ளே ஆழமான வலி, இடையிடையே ரத்தக்கசிவு இவற்றில் எது சேர்ந்தாலும் பழைய மாத்திரையைத் தேடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கருப்பை, கருக்குழாய் வரை தொற்று ஏறியிருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு.