கோஹார்ட் – தொடர்குழாம்

எச்.ஐ.வி. பற்றிய மருத்துவக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் 'கோஹார்ட் ஸ்டடி' என்ற சொல்லைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். குறிப்பிட்ட ஆட்களைப் பதிவுசெய்து, அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்து, அவர்கள் உடல்நிலை எப்படிப் போகிறது என்று குறித்துவைப்பதுதான் கோஹார்ட் ஆய்வு. எந்த மருந்து, எப்போது என்பதை அவரவர் மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆய்வாளர் அதில் கைவைப்பதில்லை, கவனிப்பதோடு சரி. அதனால் இது நோக்காய்வு வகையைச் சேர்ந்தது.

'கோஹார்ஸ்' என்ற லத்தீன் சொல் முதலில் வேலியடைத்த முற்றத்தைக் குறித்தது. பிறகு ரோமானியப் படைப்பிரிவுக்குப் பெயரானது. லீஜியன் என்ற ரோமானியப் பெரும்படை ஒன்றுக்குப் பத்து கோஹார்ட், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 480 வீரர்கள். மருத்துவத்துக்கு இதைக் கொண்டுவந்தவர் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட். ஒரே பத்தாண்டில் பிறந்தவர்களை ஒரு பிரிவாக வைத்து, வயது ஏற ஏறக் காசநோய்ச் சாவு அவர்களிடையே எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டார். அந்தக் கட்டுரை அவர் இறந்த மறு ஆண்டு, 1939இல் வெளிவந்தது.

அதே பால்டிமோர் உட்பட நான்கு அமெரிக்க மையங்களில் 1984இல் 'மேக்ஸ்' என்ற பல்மைய எய்ட்ஸ் கோஹார்ட் ஆய்வு தொடங்கியது. சிகாகோ, பிட்ஸ்பர்க், லாஸ் ஏஞ்சலிஸ் மற்ற மூன்று. முதல் ஓராண்டில் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் 4,954 பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1985இல்தான். தனக்குத் தொற்று இருக்கிறதா என்று தெரியாமலேயே பலர் பெயர் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, அந்தரங்கக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, ரத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு பகுதியை உறையவைத்துப் பாதுகாத்தார்கள்.

அந்தப் பழைய ரத்தம்தான் பின்னால் பேசியது. வைரஸின் அளவை எண்ணும் நுட்பம் வந்ததும் பிட்ஸ்பர்க்கில் ஜான் மெல்லர்ஸும் உடனிருந்தவர்களும் உறைந்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கேற்ப நோய் விரைவாக முற்றுகிறது என்று 1996இல் வெளியிட்டார்கள். கொடுத்தவர்களில் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் நம் ஏ.ஆர்.டி. மையங்களில் இன்று பார்க்கும் 'வைரல் லோடு' என்ற வைரஸ் அளவுக் கணக்குக்கு அவர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். பெண்களுக்கென 1993இல் தனி ஆய்வு தொடங்கி, 2019இல் இரண்டும் இணைந்தன. மருந்தால் ஆயுள் நீண்டிருப்பதால் இப்போது இதயம், சிறுநீரகம், மூப்பு என்று கேள்விகள் விரிந்திருக்கின்றன.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'குழு ஆய்வு' என்றால் யாரோ ஒரு குழு வந்து ஆய்வு செய்ததாகத்தான் படும். 'கூட்டாய்வு' பல நிறுவனங்கள் சேர்ந்து செய்வது. 'தொகுதி' என்றதும் தேர்தல் நினைவு வருகிறது. 'திரள்' அழகான சொல், ஆனால் திரளில் தனி ஆள் தெரியமாட்டார். கோஹார்ட்டில் ஒவ்வொருவரும் எண்ணப்பட்டவர், ஒருவர் வராமல் போனாலும் ஏன் வரவில்லை என்று தேட வேண்டும். நோய் முற்றியவர்களே அதிகம் நின்றுவிட்டால், மிச்சமிருப்பவர்களை வைத்துப் போடும் கணக்கு நிலைமையை உள்ளதைவிட நல்லதாகக் காட்டிவிடும்.

ஆகவே 'குழாம்' என்பதையே நான் எடுக்கிறேன். அடியார் குழாம், அறிஞர் குழாம் என்று பொதுத்தன்மையால் சேர்ந்தவர்களைக் குறித்த சொல் இது. இலங்கைத் தமிழ் ஏடுகளில் கிரிக்கெட்டுக்கு அறிவிக்கும் 15 பேர் பட்டியலும் 'குழாம்'தான். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. காலத்தோடு பின்தொடர்வதைக் காட்ட 'தொடர்' சேர்த்தால் தொடர்குழாம். கோஹார்ட் ஸ்டடி, தொடர்குழாம் ஆய்வு. ஒரே காலத்தில் பிறந்தவர்களை எடுத்தால் பிறப்புத் தொடர்குழாம். சிகிச்சைக்கு வருவது நின்று, ஏ.ஆர்.டி. மையப் பதிவேட்டில் 'எல்.எஃப்.யு.' (லாஸ்ட் டு ஃபாலோ-அப்) என்று குறிக்கப்படுகிறவர்களைத் 'தொடர்பு விட்டோர்' என்று எழுதலாம். 'ஓடிப்போனவர்', 'கைவிட்டவர்' என்றெல்லாம் எழுத வேண்டாம். பஸ் காசு இல்லாமலோ, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தாலோ வராமல் நின்றவர்களும் அவர்களில் இருப்பார்கள்.