அவுட்லுக்: கண்ணோட்டமா, பருவக் கணிப்பா?

"வசந்த கால வானிலைக் கண்ணோட்டம்" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவின் சான் டியாகோ வட்டாரத்தில் கடலோரமும் மலையும் பாலைவனமும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அங்கே வரும் மூன்று மாத நிலவரத்தைச் சொல்லும் அறிக்கையானாலும் சரி, பிப்ரவரிக் கடைசியில் இந்திய வானிலை ஆய்வுத் துறை மார்ச் முதல் மே வரைக்கு வெளியிடுவதானாலும் சரி, அவுட்லுக் (outlook) என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் மொழிபெயர்ப்பவர் கை கண்ணோட்டத்துக்குத்தான் போகிறது. இது தவறு.

அவுட்லுக் என்றால் வெளியே நோக்குவது. முதலில் நின்று பார்க்கும் இடத்தையும், பிறகு பார்க்கும் முறையையும், கடைசியில் வரவிருப்பது எப்படி இருக்கும் என்பதையும் குறித்தது. அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து மூன்றாவதற்குப் பொருத்தியதால் வந்த வினைதான் இது.

கண்ணோட்டம் நம்மிடம் வேறு வேலையில் இருக்கும் சொல். குறளின் 58ஆம் அதிகாரத்துக்கே அதுதான் பெயர். அங்கே அதன் பொருள் தாட்சண்யம். இன்றைய வழக்கில் ஒருவர் ஒன்றைப் பார்க்கும் கோணம். இரண்டுக்கும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வானிலைக்கு ஏது கோணம்? முன்னோட்டம் என்பாரும் உண்டு. அது சினிமாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட சொல்.

இவற்றைவிடக் கேடு செய்வது முன்னறிவிப்பு. நல்ல சொல்தான். ஆனால் "நாளை மறுநாள் நாகப்பட்டினத்தில் கனமழை" என்பதற்கு உரியது அது. நாளும் இடமும் அளவும் சொல்வது முன்னறிவிப்பு. மூன்று மாத அறிக்கை எந்த நாளையும் சொல்வதில்லை. பழைய 30 ஆண்டு மழையளவை, அமெரிக்காவின் தட்பவெப்பக் கணிப்பு மையம் இப்போது கொள்வதுபோல 1991 முதல் 2020 வரை, ஏறுவரிசையில் அடுக்குகிறார்கள். குறைந்த மழை பெய்த 10 ஆண்டுகள் ஒரு கூறு, நடுவில் 10 இயல்பு, மேலே 10 கூடுதல். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு. எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது), லா நினா (குளிர்வது) போன்ற கடல் நிலவரம் தராசை ஒரு பக்கம் சாய்க்கும்போது அது 40, 50 என்று ஏறும். சொல்வது அவ்வளவே.

இதை முன்னறிவிப்பு என்று தலைப்பிட்டால் உள்ளே வரும் எண்ணும் திரிந்துவிடுகிறது. "இயல்பைவிடக் குறைவாகப் பெய்ய 40 சதவீத வாய்ப்பு" என்பது "மழை 40 சதவீதம் குறையும்" என்றாகிறது. ஒன்று வாய்ப்பு, மற்றது அளவு. "சம வாய்ப்பு" என்பதை "சராசரி மழை" என்று எழுதுகிறார்கள். எந்தப் பக்கமும் சாயவில்லை, மூன்றுக்கும் ஒரே வாய்ப்பு என்பதே அதன் பொருள். இயல்பாகப் பெய்யும் என்று யாரும் சொல்லவில்லை.

காவிரி டெல்டாவில் இதன் விளைவு வயலில் தெரியும். சம்பா அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்பு மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ உளுந்து தெளிப்பார்கள். அது 65, 70 நாளில், பங்குனி வாக்கில் அறுப்புக்கு வரும். அந்த நேரத்து மழையில் நெற்று செடியிலேயே முளைவிடும். திருவாரூர்ப் பக்கம் நெல் தரிசில் போடும் பருத்திக்கு வைகாசியில் காய் வெடிக்கும் நேரம். நனைந்தால் பஞ்சு கறுத்து ஏலத்தில் விலை விழும். "மழை 40 சதவீதம் குறையும்" என்று படித்தவர் தார்ப்பாயும் தேடமாட்டார், வடிகாலும் வெட்டமாட்டார். அந்த அறிக்கையோ, கூடுதலாகவோ இயல்பாகவோ பெய்ய மீதி 60 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சொன்னது.

ஆகவே பருவக் கணிப்பு என்று எழுதுவோம். கணிப்பு சாதகத்துக்குரிய சொல் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். கணித்தல் என்பது எண்ணி மதிப்பிடுவது. சங்க காலத்திலேயே நாள் கணிப்பவருக்குக் கணி என்று பெயர். பதிவுகளை எண்ணி வாய்ப்பை மதிப்பிடும் வேலைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடையாது. பருவப் போக்கு என்றும் சிலர் எழுதலாம் என்பார்கள். போக்கு ஏற்கெனவே பல்லாண்டு மாற்றத்தைக் குறிக்கிறது, குழப்பம் வேண்டாம்.

வசந்த காலத்தையும் விட்டுவிடலாம். மார்ச் முதல் மே வரை நமக்கு மாசி நடு தொடங்கி வைகாசி நடு வரை: பின்பனியிலும் பெரும்பகுதி, இளவேனிலிலும் பெரும்பகுதி. டெல்டாக்காரருக்கு அது மொத்தமும் கோடை. சான் டியாகோ கடலோரத்திலோ மே மாதம் குளிர்ந்த கடலிலிருந்து தாழ்ந்த மேகம் வந்து வானத்தை மூடிக்கொள்ளும். அதே மாதத்தில் கிழக்கே பாலைவனம் கொதிக்கும். இரண்டையும் வசந்தம் என்று எழுதினால் படிப்பவர் மனதில் தென்றலும் மாம்பூவும்தான் எழும். "மார்ச்–மே பருவக் கணிப்பு" என்று மாதத்தைப் போட்டு எழுதினால் குழப்பமே இல்லை.

இன்னொன்றையும் மொழிபெயர்ப்பவர் கவனிக்க வேண்டும். "இயல்பைவிடக் குறைவு" என்ற ஒரே தொடர் சான் டியாகோவின் கடலோரம், மலை, பாலைவனம் மூன்றிலும் ஒன்றல்ல. மலையில் அது பனியும் நீர்வரத்தும். பாலைவனத்தில் அந்த மாதங்களின் இயல்பு மழையே மிகச் சொற்பம். ஓர் இடிமழை பெய்தாலே "கூடுதல்" ஆகிவிடும். அதனால் சதவீதத்தின் பக்கத்தில் அந்தந்த நிலத்தின் இயல்பு மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுத வேண்டும். டெல்டாவின் கோடைக் கணிப்பைத் தமிழில் தரும்போதும் இதையே செய்ய வேண்டும். பங்குனி முழுக்கக் காய்ந்து வைகாசியில் ஒரே இரவு கொட்டினாலும் கணக்கில் அது கூடுதல் மழைதான்.