இரண்டு வாரம் தாண்டிய இருமல்: லயத்து ஆட்கள் செய்யக்கூடியது

மலையகத்தில் இருமலுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பனி, விறகுப் புகை, கொழும்புத் தண்ணீர் சேரவில்லை என்று ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். அதை நம்பியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. சளியில் காசநோய்க் கிருமி உள்ள ஒருவர் சிகிச்சையின்றி இருந்தால், ஓராண்டில் 10 முதல் 15 பேருக்குத் தொற்றலாம். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில், குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு ஐந்தாறு பேர் படுக்கும் காம்பிராவில் (அறையில்) முதலில் அகப்படுவது வீட்டுப் பிள்ளைகள்.

இரவு இருமல் நடுச்சுவர் தாண்டிக் கேட்கும். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டில் கங்காணிக்குத் தெரியும். கூடை கனக்கிறது என்று பாதி மலையில் உட்கார்ந்துவிடுபவளை அடுத்த நிரைக்காரி பார்ப்பாள். நோய் என்ன என்று சொல்வது இவர்கள் வேலையல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, மாலையில் காய்ச்சலா, இரவில் வியர்க்கிறதா, உடம்பு இளைத்ததா என்று கேட்டு, ஒன்றுக்கு ஆம் என்றாலும் அரச வைத்தியசாலைக்கு அனுப்பினால் போதும். சளியில் இரத்தம் கண்டால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். பாமசியில் கேட்டு வாங்கும் சில அன்டிபயோட்டிக்குகள் நோயை அரைகுறையாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தாமதப்படுத்தும்.

சளிப் பரிசோதனை பல வேளை போத்தலிலேயே கெடுகிறது. எச்சில் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். விடிந்ததும் வெறுந்தண்ணீரால் வாய் கொப்பளித்து, காம்பிராவுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் ஆட்களை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி, கெட்டியான சளியாக ஒரு தேக்கரண்டி அளவு எடுக்க வேண்டும். பெயரை மூடியில் எழுதாமல் போத்தலில் எழுதி, வெயில் படாமல் அன்றே சேர்ப்பியுங்கள்.

மருந்து இலவசம். வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு. முதல் சில வாரங்களிலேயே இருமல் அடங்கி, பசி திரும்பிவிடும். குளிசை நிற்பதும் அங்கேதான். அதோடு, கிளினிக் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். நாட்கூலிக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. இதை அலட்சியம் என்று பேசுவது அநியாயம். தினமும் கண்முன்னே குளிசை விழுங்கச் செய்பவர் வீட்டாராக இல்லாமல், பிரட்டுக்குப் போகும் வழியில் இருக்கும், விஷயத்தை வெளியே சொல்லாத ஒருவராக இருப்பது நல்லது. நோயாளி சம்மதித்தால் கிளினிக் திகதியைத் தோட்டத் தலைவர் முன்கூட்டியே கணக்குப்பிள்ளையிடம் பேசி வைக்கலாம். கொழும்புக்கு வேலைக்குப் போவதானால், போகுமுன் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சொன்னால் கொழும்பிலேயே மருந்து எடுக்க ஒழுங்கு செய்வார்கள்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துவோர் உண்டு. அது மருந்தின் நிறம், கெடுதியில்லை. கண் மஞ்சளானாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். இந்த நாட்களில் சாராயமும் கசிப்பும் ஈரலுக்கு இரட்டைச் சுமை. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும் பெண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும்.

தட்டு, கோப்பையைத் தனியாக ஒதுக்குவதால் பயனில்லை. காசநோய் காற்றில் பரவுவது. அதைவிட, அதே காம்பிராவில் இருக்கும் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருமாவிட்டாலும் விடக்கூடாது: நோய் இல்லை என்று உறுதியானபின் அதற்குத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.