காற்றுப் படாத இடத்தில்தான் இரும்பு கரைகிறது

வீட்டின் பின்புறம் வைத்திருக்கும் பார்பிக்யூ ஸ்மோக்கரின் (விறகுப் புகையில் இறைச்சியை வேகவைக்கும் இரும்பு அடுப்பு) மேல் ஒரு துளி மழைகூட விழாமல் தடித்த உறையால் மூடிவந்தும், அதன் நெருப்புப் பெட்டியின் அடித்தகடு சில ஆண்டுகளிலேயே அரித்து ஓட்டை விழுந்துவிட்டது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தீ எரியும் இடத்தில் ஈரம் எப்படித் தங்கும் என்பதும் அவருடைய கேள்வி. நெருப்பு எல்லா ஈரத்தையும் உறிஞ்சிவிடும் என்ற நம்பிக்கை பலரிடமும் இருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உலர்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம் ஹைட்ரஜன். அது எரிந்தால் நீர்தான் கிடைக்கும். நன்கு காய்ந்த 1 கிலோ விறகு முழுமையாக எரியும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீர் ஆவியாக வெளியேறுகிறது. தீ மூட்டிய தொடக்கத்தில் தகடு இன்னும் குளிர்ந்திருப்பதால் அந்த ஆவியில் ஒரு பங்கு அதன்மேல் நீராகப் படிகிறது. புகையிலுள்ள அசிட்டிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் அந்நீரில் கரைகின்றன. தீ அணைந்த பிறகு சாம்பல் தன் வேலையைத் தொடங்குகிறது. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 43 சதவீதத்தைக் கடந்தாலே அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இறைச்சியிலிருந்து சொட்டும் உப்போ சுமார் 75 சதவீதத்தில் அவ்வாறு கரைகிறது. ஆகவே மழையே பெய்யாத இரவிலும் பெட்டியின் அடியில் உப்புக் கரைசல் ஊறிக் கிடக்கிறது.

இரும்பு எலக்ட்ரானை இழப்பதும், நீரும் ஆக்சிஜனும் அதைப் பெறுவதும், முடிவில் நீரேறிய இரும்பு ஆக்சைடு உண்டாவதும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளவை. நான் நின்று சொல்ல விரும்புவது, ஓட்டை ஏன் குறிப்பாக அந்த இடத்தில் விழுந்தது என்பதை. 1920-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ், தூய்மையான எஃகுத் தகட்டில் ஒரு துளி உப்புநீரை வைத்துச் செய்த சோதனை இதற்கு விடை தருகிறது. அத்துளியில் இரண்டு நிறங்காட்டிகளைக் கலந்துகொள்ள வேண்டும். ஒன்று, இரும்பு கரையும் இடத்தை நீலமாக்கும். மற்றது, ஆக்சிஜன் எலக்ட்ரானைப் பெற்றுக் காரத்தன்மை உண்டாகும் இடத்தை இளஞ்சிவப்பாக்கும். தொடக்கத்தில் இரு நிறங்களும் துளி முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிதறித் தோன்றும். சற்று நேரத்தில் அவை தாமாகவே பிரிந்துவிடும்: நடுவில் நீலம், விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு நிறத் துரு வளையம்.

இதை முதன்முதலில் பார்ப்பவர்கள் தலைகீழாகத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பது விளிம்பில். அப்படியானால் இரும்பும் அங்கேதானே அழிய வேண்டும்? ஆனால் துளிக்குள் கரைந்திருந்த ஆக்சிஜன் தீர்ந்தவுடன், காற்றிலிருந்து புதிய ஆக்சிஜனை விரைவாகப் பெறுவது மெல்லிய விளிம்பு மட்டுமே. அங்கு வரும் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் தேவை. அந்த எலக்ட்ரானைத் தகட்டின் வழியே அனுப்பிவைப்பது, காற்று எட்டாத நடுப்பகுதி. விளிம்பிலுள்ள இரும்பு காக்கப்படுகிறது, நடுவிலுள்ள இரும்பு அதற்காகக் கரைகிறது. ஒரே தகடு, ஒரே துளி, வெளியிலிருந்து எந்த மின்கலமும் இல்லை. ஆக்சிஜனின் ஏற்றத்தாழ்வு ஒன்றே அத்தகட்டை மின்கலமாக்கிவிடுகிறது. கரையும் பரப்பு சிறியதாகவும் ஆக்சிஜனைப் பெறும் பரப்பு பெரியதாகவும் இருந்தால், இழப்பு முழுவதும் அச்சிறு இடத்தில் குவிந்து தகடு குழியாகத் துளைபடும்.

இப்போது சாம்பற்குவியலை அத்துளியின் இடத்தில் வைத்துப் பாருங்கள். குவியலின் ஓரத்தில் காற்று உண்டு, அடியில் இல்லை. ஓட்டை அடியில் விழுகிறது. உப்பிய பெயின்ட்டின் உட்புறமும், கொழுப்புக் கட்டியின் அடிப்பகுதியும், ஈரத்துடன் தகட்டில் ஒட்டிக்கிடக்கும் உறை மறைக்கும் இடமும் இதே கதிக்கு உள்ளாகின்றன. சாம்பல் காரத்தன்மை உடையது, தூய காரக் கரைசலில் இரும்பு துருப்பிடிக்காதே என்று சிலர் கேட்கக்கூடும். அது சரியே, ஆனால் உப்பிலுள்ள குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடுகிறது. துருப்பிடிக்காத எஃகுக்கும் முழு விலக்கு இல்லை. குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம் தரும் ஆக்சைடுப் படலம் கிழிந்தால் மீண்டும் வளர்வதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது கிட்டாத இடுக்குகளில் அந்த எஃகும் அரிக்கப்படுகிறது.

எனவே செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, கருவி ஆறியதும் ஒவ்வொரு முறையும் சாம்பலை முழுவதும் அள்ளிவிடுவது. கரி எரியும் தட்டை அடித்தகட்டிலிருந்து சில சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால் தகடும் குறைவாகச் சுடும். உறை, முற்றிலும் ஆறி உலர்ந்த பிறகே போடத்தக்கது. அதன் கீழ்ப்பக்கம் காற்றோட்டத்துக்காகத் திறந்திருக்க வேண்டும்.

இறைச்சி வேகும் புகையறையின் உட்புறத்துக்கு எண்ணெய்ப் பூச்சு நல்லது. எந்த எண்ணெயும் போதும் என்பது தவறு. இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த எண்ணெய், சூட்டில் ஆக்சிஜனை ஏற்று, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கெட்டியான பாலிமர் படலமாகிறது. அத்தகைய பிணைப்புகளைக் காட்டும் அயோடின் எண், ஆளிவிதை எண்ணெய்க்கு 170-க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 10 மட்டுமே என்பதால் அது படலமாகாது. துணியால் துடைத்தெடுத்தபின் மிஞ்சும் அளவுக்கு மெல்லியதாகப் பூசிப் பல முறை சூடேற்ற வேண்டும். தடித்துப் பூசினால் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். நெருப்புப் பெட்டியின் சுவரில் இப்படலம் எரிந்துவிடும் என்பதால், அதன் வெளிப்புறத்துக்கு உயர்வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பெயின்ட்டே ஏற்றது.

நாசே இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வு, உலக அளவில் அரிமானத்தால் ஏற்படும் செலவை ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் அமெரிக்க டாலர் என மதிப்பிட்டது. அது உலக மொத்த உற்பத்தியில் 3.4 சதவீதம். இவ்வளவு பெரிய இழப்பை ஆராயும் துறைக்கு, கவர்ச்சியான துறைகளுக்குக் கிடைக்கும் நிதியிலும் மதிப்பிலும் ஒரு சிறு பங்காவது கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டை விழுந்த பெட்டியை வாசகர் வீச வேண்டியதில்லை. மென்எஃகுத் தகடொன்றை வெட்டிப் பற்றவைக்கலாம். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் கூடாது: துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸிலேயே உருகும், மேலும் சூடேறினால் எழும் அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். புதிய தகட்டின் விளிம்பை இடையிடையே பொட்டு வைத்தாற்போல் பற்றவைத்து விட்டுவிடாமல், சுற்றிலும் இடைவெளியின்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இரு தகடுகளுக்கும் நடுவே மயிரிழை இடுக்கு மிஞ்சினாலும், காற்றுப் புகாத அவ்விடத்திலிருந்துதான் அடுத்த ஓட்டை தொடங்கும்.