பழகிப்போன நல்லதை மனம் மீண்டும் பார்ப்பது எப்படி?

ஆசைப்பட்ட வேலை கிடைத்த முதல் வாரத்துப் பூரிப்பு, சில மாதங்களில் காணாமல் போய்விடுகிறது. வேலை அதேதான், மனம் அதற்குப் பழகிவிட்டது. மாறாமல் இருக்கும் நல்லதை நாம் கவனிப்பதே இல்லை. ஆனால் யாரோ சொன்ன ஒரு சுடுசொல்லை மட்டும் நாள்கணக்கில் அசைபோடுவோம். நன்றியுணர்வு வேலை செய்வது இந்த இடத்தில்தான்: பார்க்க மறந்ததன் பக்கம் கவனத்தைத் திருப்புகிறது.

ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றி சொல்லத் தோன்றியவற்றையும், இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றையும், மூன்றாம் பிரிவினர் பொதுவான நிகழ்வுகளையும் வாரம் ஒருமுறை எழுதினார்கள். 10 வாரங்களுக்குப் பிறகு முதல் பிரிவினரிடம் வாழ்க்கை பற்றிய திருப்தி கூடுதலாக இருந்தது.

சரி, தினமும் பட்டியல் போட்டால் போதுமா? அதுவும் பழகிப்போகும் என்பதுதான் சிக்கல். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு நடத்திய ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது; மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை.

என்னைக் கேட்டால், இதைவிடச் சுவாரசியமானது 2008இல் வந்த ஓர் ஆய்வு. துணையோடு வாழ்பவர்களில் சிலரிடம் தாங்கள் சந்தித்த கதையை எழுதச் சொன்னார்கள். மற்றவர்களிடம், சந்திக்காமலே போயிருந்தால் அது எப்படி நடந்திருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். உறவில் நிறைவு கூடியது இரண்டாவது பிரிவினருக்குத்தான்! ‘இது இல்லாமலே போயிருக்கலாம்’ என்று நினைக்கும்போது, சாதாரணமாகிவிட்ட ஒன்று மறுபடி ஆச்சரியமாகிறது. வெறும் பட்டியலால் அது முடிவதில்லை.

இதை மருந்தாக நினைக்கக் கூடாது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றில் இத்தகைய பயிற்சிகளின் பலன் சிறியதே என்று பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. துக்கத்தில் இருப்பவரிடம் போய் ‘இருப்பதை நினைத்து நன்றியோடு இரு’ என்பது ஆறுதலே அல்ல.

நன்றியை மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிட்டால் உறவும் நெருங்கும். ஆனால் நமக்குக் கூச்சம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரின் 2018 ஆய்வில் நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ என்று தேவைக்கு மேல் பயந்தார்கள். அவருக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள். எழுதியவர்களின் கவலையெல்லாம் சரியான வார்த்தை அமையுமா என்பதில் இருந்தது; படித்தவர்கள் பார்த்ததோ அதிலிருந்த அன்பை.