கையளவு ஆமைக்கு 400 லிட்டர் தண்ணீர்

வண்ணமீன் கடையில் குட்டி ஆமை வாங்குகிறவர்கள் பலரும், கூடவே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் அந்த ஆமை பெரும்பாலும் ரெட் இயர்டு ஸ்லைடர் இனம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் அதன் பூர்வீகம். முட்டையிலிருந்து வெளிவரும்போது ஓட்டின் நீளம் ஏறக்குறைய 3 செ.மீ. இருக்கும். வளர்ந்த ஆண் 15 முதல் 20 செ.மீ. வரை போகும், பெண் 25 செ.மீ.யையும் தாண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகூட வாழும்.

இடம் சிறியதாக இருந்தால் ஆமையும் சிறியதாகவே நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அப்படி வளர்ச்சி நின்றுபோன ஆமை நோய்ப்பட்ட ஆமை. குட்டியைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வதும் கடினம். ஆகவே பெண் என்றே வைத்துக்கொண்டு, 25 செ.மீ. ஓட்டுக்குக் கணக்குப் போடுவதுதான் நல்லது. ஆமை வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு, ஓட்டின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 15 லிட்டர் தண்ணீர். பெருக்கிப் பார்த்தால் 375 வரும். சரி, 400 என்றே வைத்துக்கொள்வோம்.

ஏன் இவ்வளவு? நீந்த இடம் வேண்டும் என்பது ஒரு பாதிதான். இந்த ஆமை தண்ணீரில்தான் இரையைக் கடித்துக் குதறித் தின்னும், அதே தண்ணீரில்தான் கழிவையும் விடும். உணவில் உள்ள புரதம் செரித்த பிறகு மிஞ்சும் நைட்ரஜன், அம்மோனியாவாகவும் யூரியாவாகவும் வெளியே வருகிறது. யூரியாவும் தண்ணீரில் சிதைந்து அம்மோனியாவாகிவிடும். அது கண்ணையும் தோலையும் அரிக்கும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதனால் தண்ணீர் பளிங்குபோலத் தெரிவதை வைத்துச் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. தண்ணீரின் அளவு கூடக் கூட அம்மோனியாவின் செறிவு குறையும். கிண்ணத்தில் ஒரு வேளை உணவே தண்ணீரைக் கெடுத்துவிடும். 400 லிட்டரில் அதே கழிவு நீர்த்துப்போய், நமக்கு அவகாசம் கிடைக்கும்.

அந்த அவகாசத்தில் வேலை செய்வது பாக்டீரியா. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் அழுக்கைப் பிடிப்பதோடு, இந்தப் பாக்டீரியா குடியிருக்க இடமும் தருகின்றன. புதிய ஃபில்டரில் இவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகலாம். ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கசக்கிக் கழுவினால் இவை செத்துப்போகக்கூடும். தொட்டியிலிருந்து வெளியே எடுக்கும் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். அப்புறம், ஃபில்டர் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் அளவு மீன்களை மனதில் வைத்துச் சொன்னது. ஆமையின் கழிவு அதைவிடப் பல மடங்கு. 400 லிட்டர் தண்ணீருக்கு 800 அல்லது 1,200 லிட்டருக்கான ஃபில்டர் வாங்குவதே சரி.

அடுத்தது தொட்டியின் வடிவம். 150 செ.மீ. நீளம், 60 அகலம், 45 ஆழம் என்றாலும் 405 லிட்டர். 90 நீளம், 60 அகலம், 75 ஆழம் என்றாலும் 405 லிட்டர்தான். முன்பக்கக் கண்ணாடியில் தண்ணீர் படும் பரப்பும் இரண்டிலும் ஒன்றே. ஆனால் தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்துக் கூடும். முதல் தொட்டியில் அந்தக் கண்ணாடியைத் தண்ணீர் ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான விசையால் தள்ளும். இரண்டாவதில் அது 250 கிலோவாகிவிடும். கண்ணாடி தடிமனாக வேண்டும், விலையும் ஏறும், ஆமைக்கோ நீந்தும் நீளம் குறையும். தாழ்வான, நீளமான தொட்டியே என் தேர்வு.

அதற்காக ஆழத்தை ரொம்பவும் குறைத்துவிடக் கூடாது. ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது தண்ணீர் வேண்டும். ஆமை சில சமயம் மல்லாந்து விழும். ஆழம் இருந்தால் புரண்டு நிமிர்ந்துவிடும். ஆழமில்லாவிட்டால் ஓடு தரையில் சிக்கி, மூக்கு தண்ணீருக்குள்ளேயே இருந்து, மூச்சுத் திணறிச் சாகக்கூடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலும் சுவர் நன்றாக உயர்ந்திருக்க வேண்டும்; இவை ஏறித் தப்புவதில் கெட்டிக்கார ஜீவன்கள். அடியில் பொடிக் கூழாங்கல் போடாதீர்கள். விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

வெயில் காயும் மேடையைப் பலரும் அலங்காரமாக நினைக்கிறார்கள். உடல் முழுவதும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, உலர்ந்து கிடக்க ஓர் இடம் ஆமைக்குக் கட்டாயம் வேண்டும். 32 முதல் 35 டிகிரி சூட்டில் கிடந்தால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும். நன்றாகச் சூடேறிய ஆமையைக் கவனித்துப் பாருங்கள்: கழுத்தை நீட்டி, பின்னங்கால்களைப் பின்னுக்கு விறைப்பாக நீட்டி, விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வு தெரிய விரித்து வைத்திருக்கும். தோல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் வெளிச்சத்துக்குக் கொடுக்கிறது.

அந்த வெளிச்சத்தில் புற ஊதா பி கதிர் இருக்க வேண்டும். அதுபட்டுத்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். அது இருந்தால்தான் உணவிலுள்ள கால்சியம் உடலில் சேரும். ஆமையின் ஓடு முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து உருவான எலும்பு. கால்சியம் குறைந்தால் ஓடு மெத்தென்று அமுங்கும், கோணலாகும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் மூடிய ஜன்னல் வழியே விழும் வெயிலால் பயனில்லை. அதற்கென விற்கும் விளக்கு வேண்டும். அதையும் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்ற வேண்டும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும். கண்ணாடித் தொட்டியையே தூக்கி நேர்வெயிலில் வைப்பது ஆபத்து. தண்ணீர் சூடேறி ஆமை வெந்துவிடும்.

செலவு கட்டுப்படியாகாது என்றால் கண்ணாடியை விட்டுவிடுங்கள். அகலமான பெரிய பிளாஸ்டிக் தொட்டி போதும். பக்கவாட்டில் பார்க்க முடியாதது நமக்குத்தான் குறை. மிச்சமாகும் பணத்தை ஃபில்டருக்கும் விளக்குக்கும் போடலாம். எதில் வைத்தாலும் தண்ணீர் மட்டுமே 400 கிலோ, அதாவது ஆறேழு பேர் ஒரே இடத்தில் நிற்கும் பாரம். மாடி வீடாக இருந்தால் தளம் தாங்குமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் ஆமை ஆண் துணை இல்லாமலும் முட்டையிடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளலாம். ஆகவே ஈர மணல் நிரப்பிய, 30 செ.மீ. ஆழமுள்ள ஒரு பெட்டிக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இடம் விட்டு அளவெடுங்கள்.