பொதுப் பாடம்தானே என்று ஒதுக்காதீர்கள்

மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாங்க வந்த ஒரு மூதாட்டிக்கு, எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த பி.பார்ம் மாணவி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையை அந்த மருந்து எப்படித் தடுக்கிறது, கல்லீரல் பரிசோதனை ஏன் தேவை என்று ஒன்றையும் விடவில்லை. சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மூதாட்டி தலையசைத்துவிட்டுக் கிளம்பினார். நான் அவரை நிறுத்தி, "வீட்டுக்குப் போய் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டேன்.

"தினமும் ஒன்று, ஒரு வாரத்துக்கு" என்றார்.

மாணவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வாரம் ஒருமுறை என்றுதானே சொன்னேன், சார்?" அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆனால் மூதாட்டியின் காதில் 'ஒரு வாரம்' என்றுதான் விழுந்திருந்தது. வாரத்தில் ஒரே நாள் எடுக்க வேண்டிய அந்த மருந்தைத் தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும், வாய் முழுக்கப் புண் வரும், உயிரும் போகலாம். அட்டைப்பெட்டியின் மேல் "திங்கள்கிழமை மட்டும். மற்ற நாள்களில் வேண்டாம்" என்று பெரிதாக எழுதிக் கொடுத்தோம். அதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவரை அனுப்பினோம்.

அந்த மாணவி மருந்தியலில் வகுப்பிலேயே முன்னணியில் இருப்பவர். தகவல் தொடர்புப் பாடத்தை மட்டும், தேறினால் போதும் என்று விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார். "அது பொதுப் பாடம்தானே, சார். தேர்வுக்கு முந்தின நாள் படித்தால் போதும் என்று சீனியர்கள் சொன்னார்கள்." இதே பேச்சைப் பயிற்சிக்கு வருபவர்களிடம் ஆண்டுதோறும் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

மொழி, கணிதம், புள்ளியியல், உளவியல், அறவியல், சமூகவியல், வரலாறு. மருந்தாளுநர் கல்வியில் இவை ஏதோ ஒரு வடிவில் இடம்பெறுவது காரணமில்லாமல் அல்ல. அமெரிக்காவில் நான்கு ஆண்டுத் தொழிற்படிப்பில் சேர்வதற்கு முன்பே, பொதுவாகக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அடிப்படை அறிவியலோடு இத்தகைய பாடங்களையும் படித்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டு அறிக்கை மருந்தாளுநருக்கு ஏழு பொறுப்புகளை வகுத்தது. தகவல் தொடர்பாளர், ஆசிரியர், வாழ்நாள் முழுவதும் கற்பவர் ஆகிய மூன்றும் அவற்றில் அடங்கும்.

கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 7.5 மில்லி கொடுக்க வேண்டும். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் 3.6 மில்லிதான். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே சொன்னால் குழந்தைக்குள் 375 மில்லிகிராம் போய்விடும். தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பள்ளிக்கூடத்து விகிதக் கணக்குதான் இது. ஆனால் வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, தாய் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்கும்போது, கை தன்னால் போடுகிற அளவுக்கு அது பழகியிருக்க வேண்டும்.

புள்ளியியலும் அப்படித்தான். "ஆபத்து பாதியாகக் குறைகிறது" என்று ஒரு மருந்து விளம்பரம் சொல்லும். ஆயிரத்தில் இரண்டு பேருக்கு வருவது ஒருவருக்கு என்று குறைந்தாலும் பாதிதான், இருநூறு பேருக்கு வருவது நூறு பேருக்கு என்று குறைந்தாலும் பாதிதான். இந்த வேறுபாட்டைப் பிடிக்கத் தெரியாதவர் விளம்பரத்தை அப்படியே நோயாளியிடம் ஒப்பிப்பார்.

வரலாறு எதற்கு என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள். 1937இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவத்தில் கரைத்து விற்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அன்று சட்டமே இல்லை. அந்த மருந்தைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்குக் கிடைத்த பிடி, பெயரில் இருந்த 'எலிக்ஸிர்' என்ற ஒரே சொல். எலிக்ஸிர் என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை. மக்களைக் கொன்ற மருந்தை, பெயர் பொய் என்ற குற்றத்தைக் காட்டித்தான் பிடிக்க முடிந்தது. அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. இதை அறிந்த மாணவர், தரச் சான்றிதழைச் சரிபார்ப்பதை வெறும் காகித வேலை என்று நினைக்க மாட்டார்.

அறவியலுக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது ஒருவருடைய எச்.ஐ.வி. மருந்தின் பெயரை உரக்கச் சொல்லாமலிருக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. மொழி வகுப்பில் விடுப்புக் கடிதம் எழுதச் சொல்லி, கணித வகுப்பில் மருந்தின் அளவையே தொடாமல் விட்டால், இவை பயனற்றவை என்றுதான் பிள்ளைகளுக்குத் தோன்றும். பொதுப் பாடங்களைக் கற்பிப்பவர்களை ஒரு நாளாவது மருந்து வழங்கும் இடத்தில் கொண்டுவந்து உட்கார வையுங்கள் என்று கல்லூரிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். தகவல் தொடர்புத் தேர்வை எழுத்தில் வைக்காமல், எதிரில் ஒரு ஆளை உட்கார வைத்து நடத்துங்கள்.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று படித்த ஒரு மருந்தை, மருத்துவம் படிக்காத ஒருவரிடம் மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து, அதை எப்படி எடுக்க வேண்டும் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதையும் அவர் சொன்னதையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.